தலையில் ஆபரேஷன்

குனிந்து கோப்புக்கட்டை எடுத்தபோது எழுத்தரின் தொப்பி கழன்று மேலதிகாரியின் மேஜைமேல் விழுந்தது.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவே எழுத்தரின் தலையைப் பார்த்தது. ஒட்ட மழித்த தலை. முன்பக்கமெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். பத்து நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"என்னய்யா இது?" என்றார் மேலதிகாரி.

நாற்பத்தாறு வயதில் முடி நட்டுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? வழுக்கைகூடப் பரவாயில்லை. வழுக்கைக்காக வருத்தப்பட்டது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

"தலையில ஒரு ஆபரேஷன் சார்."

பொய் இல்லை. பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, முன்னால் நுண்ணிய துளைகள் போட்டு நட்டிருந்தார்கள். பாதி நாள் குப்புறக் கிடந்தார், பாதி நாள் மல்லாக்க.

"எவ்வளவு நேரம் நடந்துச்சு?"

"எட்டு மணி நேரம் சார்."

மேலதிகாரி எழுந்து நின்றுவிட்டார். யார் வந்தாலும் எழாத மனிதர் அவர். "இனிமே பயமில்லையே?"

"இருக்கிற முடியும் கொட்டுமாம்."

நட்ட முடி மூன்றாவது வாரம் உதிரும், வேர் உள்ளேயே தங்கி நாலு மாதத்தில் முளைக்கும் என்பதுதான் டாக்டர் சொன்னது. பின்பாதியை எழுத்தர் விழுங்கிவிட்டார்.

மதியத்துக்குள் மேலதிகாரியின் மெத்தை நாற்காலி எழுத்தரின் இடத்துக்கு வந்துவிட்டது. தட்டச்சுக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"இப்படிப் பதறாதீங்கம்மா. எல்லாம் நாலு மாசம்தான். டாக்டரே சொல்லிட்டார்."

அவள் ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். "'தைரியமா இருங்க அக்கா'ன்னு உங்க ஆபீஸ் பொண்ணு போன்ல அழுவுது. உங்க முடி முளைக்கிறதுக்கு நான் எதுக்குத் தைரியமா இருக்கணும்?"

"நாளைக்கே சொல்லிடறேன்."

"வேணாம் வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

மறுநாள் அவர் வாய் திறப்பதற்குள் மேலதிகாரி ஒரு தாளை நீட்டினார். பிரிவில் ஒருவர் விடாமல் தங்கள் லீவில் மும்மூன்று நாளை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இனி எந்த முகத்தோடு சொல்வது? கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம், டாக்டர் சொன்னபடியே, புகார்ப் பேரேட்டின்மேல் முடி உதிர ஆரம்பித்தது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் அம்மா மட்டும் அவருடைய பேரேடுகளை எடுத்துப்போய் எழுதிக்கொடுக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு நாலு தடவை மாடி ஏறுவார். நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு வருவார்.

அதைப் பார்த்த பிறகு எழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மயிருக்காக இத்தனை நல்லவர்களை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு அறுத்தது. ஒரு மதியம் ரெக்கார்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அம்மா, எனக்கு வியாதி எதுவும் இல்ல. வழுக்கைக்கு முடி நட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். உங்களை மாடி ஏற வெச்சதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோப்பின் நாடாவை நிதானமாக முடிந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நாளைக்கு நான் லீவுக்கு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க சார், எனக்கு நிஜமாவே வியாதி வந்திருக்கு... அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க."