கால் வழியாக இறங்கிய கொழுப்பு

கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி. காலை ஏழு மணிக்கே படிக்கட்டில் வரிசை. முதல் படியில் நிற்பவருக்கு மூட்டுவலி. ஏழாம் படியில் நிற்பவருக்குச் சர்க்கரை. வளைவில் நிற்கும் குண்டு அம்மாவுக்கு என்ன நோய் என்று அவருக்கே தெரியாது. மேலே போனால் சொல்வார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி அனுப்பி வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே சிகிச்சைதான். வெந்நீர்த் தொட்டியில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். உடம்பில் தேங்கிய விஷம், கொழுப்பு, சளி, பழைய கோபம் எல்லாம் உள்ளங்கால் வழியாகத் தண்ணீரில் இறங்கிவிடும். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பத்தியம் இல்லை. மூளைக்கும் வேலை இல்லை.

தொட்டி வைத்தியர் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதைக் காதில் மாட்டி யாரும் பார்த்ததில்லை. தொட்டியில் இரண்டு கரண்டி 'தாதுப் பொடி' போடுவார். வயர் போட்ட ஒரு கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் இறக்குவார். சுவிட்சைத் தட்டுவார். பத்தாம் நிமிடம் தண்ணீர் மஞ்சள், இருபதாம் நிமிடம் பழுப்பு, முப்பதாம் நிமிடம் சாக்கடை. சுவரில் வண்ண அட்டவணை தொங்கும். மஞ்சள் என்றால் மூட்டு, பழுப்பு என்றால் கல்லீரல், நுரை வந்தால் நுரையீரல். கட்டணம் என்று ஒன்றும் கிடையாது, 'பராமரிப்புத் தொகை' மட்டும்தான். அது எவ்வளவு என்று கேட்டால் ஈரல் இன்னும் கொஞ்சம் வீங்கும்.

அந்த வரிசையில் நிற்காமல் நேராக மேலே போகும் உரிமை ஒருவருக்கு மட்டும் உண்டு. கடைத்தெருவில் அவருக்கு முத்திரைக்காரர் என்று பெயர். கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்தும் அரசாங்க உத்தியோகம். தராசுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை வாசலில் நின்றே மோப்பம் பிடிப்பார் என்று பேர். இருபத்திரண்டு வருடத்தில் அவரை ஐந்து கிராம் ஏமாற்றியவன் இல்லை. அப்பேர்ப்பட்டவரின் படம் தொட்டி வைத்தியரின் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. கீழே, 'முத்திரைக்காரரே முத்திரை குத்திய சிகிச்சை' என்று வாசகம். வரிசையில் பாதிப் பேர் அந்தப் படத்தை நம்பி வந்தவர்கள். படத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் நடை கொஞ்சம் மெதுவாகும்.

எல்லாம் அலுவலகத்தில் வருடாவருடம் நடக்கும் உடல் பரிசோதனையில் ஆரம்பித்தது. ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிய டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு சார். ரெண்டாம் நிலை."

"மேடம், நான் ஒரு சொட்டுகூட குடிச்சதில்லை. என் பொண்டாட்டியை வேணா கேளுங்க."

"குடிக்காதவங்களுக்கும் வரும். டீயில எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவீங்க?"

"மூணு."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"அஞ்சு."

"கூல்டிரிங்க்ஸ்?"

இங்கேதான் அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். முத்திரைக்காரர் லஞ்சம் வாங்காதவர். ஒரு கடைக்காரன் உறையை நீட்டினால் அதைத் தூக்கி எறிவார், அன்றைக்குப் பார்த்து அவன் தராசை இரண்டு தடவை சோதிப்பார். ஆனால் வெயிலில் வந்த மனிதருக்குக் கடைக்காரன் ஒரு பாட்டில் குளிர்பானம் திறந்து நீட்டினால் மறுப்பது மரியாதை இல்லையே. அதை அவர் லஞ்சக் கணக்கில் சேர்த்ததில்லை. அவர் ஈரல் சேர்த்துக்கொண்டது.

"ஆறு பாட்டில் ஆகும் மேடம்."

"மாசத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எண்பத்தெட்டு கிலோ இருக்கீங்க. ஏழெட்டு கிலோ குறைச்சா ஈரல்ல இருக்கிற கொழுப்பும் குறையும். இனிப்புத் தண்ணி எல்லாத்தையும் நிறுத்துங்க. தினம் முக்கால் மணி நேரம் வேகமா நடங்க. சர்க்கரை, கொலஸ்ட்ரால் டெஸ்ட் எழுதியிருக்கேன். ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பார்க்க ஒரு ஸ்கேனும் எடுத்துடுங்க. இப்ப இது சரியாகக்கூடிய நிலை. அப்படியே விட்டா தழும்பு விழுந்து இறுகிப்போயிடும். அதுக்கப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவர்றது கஷ்டம். மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க."

"மாத்திரை?"

"இப்போதைக்கு வேண்டாம்."

முத்திரைக்காரருக்கு அவமானமாகப் போய்விட்டது. மாத்திரைகூட எழுதித் தரத் தகுதியில்லாத நோயா அவருடையது? நடக்கச் சொல்வதற்கா இத்தனை வருடப் படிப்பு? சில்லறை இல்லாவிட்டால் பஸ் கண்டக்டரும் அதைத்தானே சொல்கிறார்? ஆனால் உள்ளுக்குள் பயமும் இருந்தது. இறுகிப்போயிடும் என்ற சொல் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. நாலு நாள் நடந்தார். ஒன்றும் தெரியவில்லை. கொழுப்பு போகிறதா இருக்கிறதா என்று காட்ட வயிற்றில் தராசு முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. கண்ணால் பார்க்காததை நம்பாத உத்தியோகம் அவருடையது.

ஐந்தாம் நாள் மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பழுப்புத் தண்ணீரில் இரண்டு கால். அடுத்த சனிக்கிழமையே முத்திரைக்காரர் மாடி ஏறிவிட்டார்.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க," என்றார் தொட்டி வைத்தியர். "அத்தனையும் உங்க ஈரல் கொழுப்பு. எத்தனை வருஷத்துச் சேமிப்பு."

முத்திரைக்காரர் குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கொழுப்பைக் கண்ணெதிரே காட்டிய முதல் மனிதர். படித்த டாக்டர் ஒருத்தராவது இப்படிக் காட்டியிருக்கிறாரா?

அதன்பிறகு வாழ்க்கை சுலபமாகிவிட்டது. வேர்த்தால் சக்தி வீணாகும் என்று வைத்தியர் சொன்னதால் நடை நின்றது. சனிக்கிழமை எப்படியும் இறங்கப் போகிற கொழுப்புதானே என்று ஞாயிறு முதல் வெள்ளி வரை தாராளமாக ஏற்றினார். ஆறு பாட்டில் ஏழாயிற்று, சாயங்காலம் ஒரு கேக்கும் சேர்ந்தது. டெஸ்ட் எழுதிய சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து, சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டது. எட்டாவது வாரத்திலிருந்து தொட்டித் தண்ணீரின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஈரல் சுத்தமாகிறது என்று வைத்தியர் கை குலுக்கினார், படம் எடுத்துச் சுவரில் மாட்டினார். இரண்டு கரண்டியாக இருந்த தாதுப் பொடி அரைக் கரண்டியாகக் குறைந்திருந்தது. காந்தத்தை மோப்பம் பிடிக்கும் மூக்குக்கு அது மட்டும் எட்டவில்லை.

எட்டியது அவர் மனைவிக்கு. அந்த அம்மாள் சலவைக் கடை நடத்துகிறார். கறைகளைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லக்கூடியவர். பதினோராவது வாரம், கணவர் கால் துடைக்க எடுத்துப்போகும் வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

"இது என்ன கறை?"

"என் ஈரல் கொழுப்பு," என்றார் முத்திரைக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"கொழுப்புன்னா சோப்புக்குப் போகணும். மூணு தடவை சோப்பு போட்டேன். வெந்நீர்ல ஊற வெச்சேன். அசையலை. இந்த மூலையில மட்டும் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்ச்சேன், ஓடிப்போச்சு. எலுமிச்சைக்கு எது ஓடும் தெரியுமா?"

"எது?"

"துரு. இரும்புத் துரு. இரும்பு கேட்டுல சாஞ்ச சட்டைன்னு மாசத்துக்குப் பத்து வருது நம்ம கடைக்கு. இதே கறைதான். அவங்க ஈரலெல்லாம் கேட்டுலயா மாட்டியிருக்கு?"

"உனக்குக் கறையைப் பத்தித் தெரியும். உடம்பைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கேக்கறேன். காலை வைக்காம அந்த மெஷினை ஓட்டினா என்ன நிறம் வரும்? நீங்க கேட்டுப் பார்த்தீங்களா?"

அவர் வாயில் வைத்த கேக் அங்கேயே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாக எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை 'தட்டைக் காலி பண்ணு' என்பதுதான். வெறுந்தட்டு பூஜ்ஜியம் காட்டாவிட்டால் அந்தத் தராசைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கான தராசுக்குக் கேட்டதை, தன் ஈரல் மாட்டியிருந்த ஒரே ஒரு தராசுக்குக் கேட்காமல் விட்டிருந்தார்.

சனிக்கிழமை போனார். கடையில் அப்போதுதான் வாங்கிய பிளாஸ்டிக் தொட்டி கையில் இருந்தது. குழாயில் தானே தண்ணீர் பிடித்து, எல்லாரும் பார்க்க நடுவில் வைத்தார்.

"பொடி போட்டு ஓட்டுங்க."

"காலை வைங்க சார்."

"வைக்கலை. சும்மா ஓட்டுங்க."

"உடம்பு இல்லாம மெஷின் வேலை செய்யாதுங்க."

"செய்யலைன்னா தண்ணி அப்படியே இருக்கும். இருக்கட்டும், பார்ப்போம்."

"உங்ககிட்ட இன்னைக்கு நெகட்டிவ் எண்ணம் நிறைய இருக்கு சார். மெஷினுக்கு ஆகாது."

வளைவில் நின்ற குண்டு அம்மா மேலே வந்திருந்தார். "அட, ஓட்டித்தான் காட்டுங்களேன். நானும் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

வேறு வழியில்லாமல் வைத்தியர் ஓட்டினார். பத்தாம் நிமிடம் மஞ்சள். இருபதாம் நிமிடம் பழுப்பு. முப்பதாம் நிமிடம் நுரை. அட்டவணைப்படி, தொட்டிக்கு மூட்டுவலி, ஈரல் கொழுப்பு, நுரையீரல் சளி எல்லாம் இருப்பது உறுதியாயிற்று.

"இது போன பேஷண்டோட கழிவு, சுருள்ல ஒட்டியிருக்கு," என்றார் வைத்தியர்.

"அப்போ சுருளைத் தேய்ச்சுக் கழுவிட்டு, பொடி போடாம ஓட்டுங்க. இந்தத் தடவை நான் காலை வைக்கிறேன்."

வேறு தண்ணீர். முத்திரைக்காரரின் இரண்டு காலும் உள்ளே. பொடி இல்லை. அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர் ஏறக்குறைய பிடித்தபடியே இருந்தது. முத்திரைக்காரர் பொடி டப்பாவைத் திறந்து விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். "உப்புத் தண்ணியில இரும்பை வெச்சு கரண்ட் விட்டா துருப்பிடிக்கும். கால் இருந்தாலும் பிடிக்கும், இல்லாட்டியும் பிடிக்கும்."

"எனக்கு முழங்கால் லேசாத்தானே இருந்துச்சு?" என்றார் முதல் படி மூட்டுவலிக்காரர், விடாமல்.

"அரை மணி வெந்நீர்ல வெச்சா லேசாத்தான் இருக்கும். உங்க வீட்டு வாளியில வெச்சாலும் அப்படித்தான்."

சர்க்கரைக்காரர் சுவரைக் காட்டினார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் இருந்தது. "உங்க படத்தைப் பார்த்துத்தானே சார் நான் மாத்திரையைக் குறைச்சேன்?"

முத்திரைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கள்ளத் தராசுக்கு முத்திரை குத்தியவனைத் தன் துறையில் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் ஏறித் தன் படத்தைத் தானே கழற்றினார். இறங்கி நின்று சொன்னார்.

"என்னைப் பார்த்து யாரும் நம்பாதீங்க. நான் பதினோரு வாரமா இங்க கழுவினது காலை மட்டும்தான். ஈரல்ல கொழுப்பு பத்திரமா இருக்கு. நீங்க இன்னைக்கே உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க, மாத்திரையைக் குறைச்சதையும் மறைக்காம சொல்லுங்க. நானும் என் டாக்டர்கிட்ட போறேன். அவங்க திட்டினா வாங்கிக்கறேன்."

இந்த இடைவெளியில் வைத்தியர் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கிவிட்டார். கூட்டத்தில் பாதி அவரைத் திட்டியது. மீதிப் பாதியில் ஒருவர், "அவர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா? வேற எங்கயாவது ஆரம்பிச்சா தெரிஞ்சுக்கலாம்," என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவின் எடை மெஷின் தொண்ணூற்றொன்று காட்டியது. முத்திரைக்காரர் பழக்க தோஷத்தில் இறங்கி, அது வெறுமையாகப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது. அன்றே எடுத்த ஸ்கேனில், ஈரலில் இறுக்கம் லேசாக ஆரம்பித்திருந்தது. தொட்டிக் கதையை முழுக்கச் சொன்னார். டாக்டரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

"மூணு மாசம் போயிடுச்சு சார்," என்றார். "இன்னும் கை மீறலை. போன தடவை சொன்னதுதான் இப்பவும்."

அதே இனிப்பு நிறுத்தம், அதே முக்கால் மணி நடை, அதே டெஸ்ட் சீட்டு. இப்போது முத்திரைக்காரர் தினமும் நடக்கிறார். கடைக்காரர்கள் பாட்டிலை நீட்டினால், "என்னை வாங்கப் பார்க்கிறியா?" என்கிறார். நடக்கும்போது எதுவும் நிறம் மாறுவதில்லை. படம் எடுத்துச் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லை. பார்க்கப்போனால் இதைவிடச் சுவாரசியமில்லாத வைத்தியம் உலகத்தில் கிடையாது. ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. ஸ்கேனில் கொழுப்பு ஒரு படி இறங்கியது, இறுக்கமும் தளர்ந்தது.

கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க முத்திரை வேண்டாம், படிப்பும் வேண்டாம். உங்கள் தெருவிலும் நாளைக்கு ஒருவர் தொட்டியோடு வருவார். தொட்டி இல்லாவிட்டால் விளக்கோ, கல்லோ, கயிறோ கொண்டுவருவார். காலை வைக்கும் முன் காலில்லாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வாருங்கள். வீடுவரை அந்த நடையாவது ஈரலுக்கு மிச்சம்.