குகை வாசலில் ஒரு புதுச் சட்டப் புத்தகம்

கட்டுகஸ்தோட்டை,
26.11.2000

அன்புள்ள மச்சான் விவேகானந்தனுக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையாரின் காவலில் நானும் உம்முடைய அக்கா கமலாசனியும் மூட்டுவலி ஒன்றைத் தவிர மற்றெல்லா வகையிலும் சுகம். நீரும் தங்கச்சி இரஞ்சிதமும் கனடாப் பனிக்குள் விறைத்துப் போகாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தேங்காய் உடைக்கிறோம். நீர் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன், ஆனால் அது சேர்ந்த விதத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

எங்கள் விளையாட்டுக்குப் புதிதாய் வந்த சட்டப் புத்தகத்தை அனுப்புவதாக நீர் முன்கூட்டியே எழுதியிருந்தீர் அல்லவா, அந்த ஆவலில் நான் கண்டித் தபால் கந்தோர் வாசலிலேயே பொதியைப் பிரித்துவிட்டேன். அதுதான் பிழை. வாசித்தபடியே பஸ் ஏறி, பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி வரிசையாய் நடந்தபோதும் வாசித்தபடியே நடந்தேன். வாளும் ஈட்டியும் வில்லும் படம் போட்டு, எது எவ்வளவு காயம் செய்யும் என்று அட்டவணையும் போட்ட பக்கம் அங்கே நின்ற ஆமிப் பெடியனின் கண்ணில் பட்டது. "மே மொக்கத," என்றான், இது என்ன என்கிறான். விளையாட்டு என்றேன். பலகை எங்கே என்றான். பலகை இல்லை, சீட்டும் இல்லை, என்ரை மனிசி கதை சொல்லுவா, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாயிருந்து அந்தக் கதைக்குள் என்ன செய்வோம் என்று சொல்லுவோம், அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகத் தாயக்கட்டை சொல்லும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவன் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இந்த நெருப்புக் குண்டு எத்தனை பேரைக் கொல்லும் என்று கேட்டான். நான் கந்தோரில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுதியே பழகிய இலிகிதன். எறிகிறவன் விளையாட்டில் எத்தனையாம் படிக்கு ஏறியிருக்கிறான் என்பதைப் பொறுத்தது, பத்தாம் படிக்காரன் என்றால் ஒரு மண்டபம் நிறைய ஆட்களை ஒரே வீச்சில் கொல்லலாம் என்று ஒழுங்காகச் சொன்னேன். என் வாழ்நாளில் என் சிங்களம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் மற்றவனுக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

பிறகென்ன, அங்கேயிருந்த மர வாங்கில் இருத்திவிட்டார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர்களுடைய பெரியவர் வந்து புத்தகத்தைப் பக்கம் பக்கமாய்த் தட்டி, கடைசியில் நெருப்புக் கக்கும் பெரிய பல்லியின் படத்தில் நின்றார். இதைக் கொல்ல முடியுமா என்று கேட்டார். பதினேழு வருடமாய்ப் பார்க்கிறோம் ஐயா, இன்னும் முடியவில்லை என்றேன். மனிதர் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பதினேழு வருடம் என்று நான் சொன்னது உமக்குத் தெரியாததல்ல. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஹலீம் நானா எங்களைத் தன் புடைவைக் கடையின் பின்னறைக்குள் வைத்து முன்கதவை வெளியால் பூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வாசலில் கதிரை போட்டு இருந்தாரே, அந்த நாட்களில் நீர்தானே உம்முடைய விளையாட்டுப் பெட்டியிலிருந்து அந்தத் தாயக்கட்டைகளை எடுத்தீர். வெளியே எரிகிற மணம் வர வர, நீர் மெதுவான குரலில் ஒரு மலையைச் சொன்னீர், ஒரு ஆற்றைச் சொன்னீர். என் பாத்திரமான குள்ளன் அங்கேதான் பிறந்தான், சீத்தைத் துணிக் கட்டுக்கு நடுவில். எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் குடியிருந்த கணக்கு வாத்தியார் இராமநாதனின் ஒற்றனும் அங்கேதான் பிறந்தான். நீர் அடுத்த வருடம் கனடாவுக்குப் போக, கதை சொல்லும் வேலையை உம்முடைய அக்கா எடுத்தா. மச்சான், நான் மனம் விட்டுச் சொல்கிறேன், முப்பது வருடம் ஒரே பானையில் சோறு தின்றும் நான் அவவை அறிந்திருக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு நகரத்தைக் கட்டி எழுப்புகிறா. அரிசி களைந்து வைத்துவிட்டு வந்து இருந்து, கடல் இரண்டாய்ப் பிளந்தது என்கிறா, பிளக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் நாங்கள் அந்தப் பெரிய பல்லியின் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இராமநாதன் தன் ஒற்றனுக்காக, "நான் முன்னுக்கு உள்ளை போய்ப் பாத்திட்டு வாறன், நீங்கள் இதிலை நில்லுங்கோ," என்று சொன்னான். சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டாமலே எழும்பி, "அக்கா, யாழ்ப்பாணம் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று தன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த கதை நீர் அறிந்தது. வன்னிக்குள் போனதாய் ஒருவர் சொன்னார், இன்னொருவர் வேறு விதமாய்ச் சொன்னார், அதை நான் எழுத மாட்டேன். பயணம் போனவனின் பின்னால் வீடு கூட்டக் கூடாது என்று அன்றைக்குக் கமலாசனி விளக்குமாற்றைத் தொடவில்லை. விளையாட்டிலும் அதே சட்டம். குகை வாசலில் ஒற்றன் மூட்டிய அடுப்பின் சாம்பலை ஒருவரும் கலைக்கக் கூடாது. ஒருவரும் உள்ளே போகவும் கூடாது, பாத்திட்டு வாறன் என்றவன் வர வேண்டும்.

அதனால் ஐந்து வருடமாய் எங்கள் வீரர்கள் குகை வாசலில் நிற்கிறார்கள். நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா. என் குள்ளன் கிணறு வெட்டினான். ஹலீம் நானாவின் போர்வீரன் தீப்பந்தமும் கயிறும் விற்கக் கடை போட்டான், போகிற வருகிற பூதங்கள்கூட அவனிடம் பேரம் பேசுகின்றன. இராமநாதனின் அறைக்கு வாடகைக்கு வந்த தெல்தோட்டை அழகம்மா, ஆஸ்பத்திரித் தாதி, அங்கேயும் ஒரு வைத்தியசாலை தொடங்கினா. இப்போது அது ஒரு ஊர், சந்தை கூடுகிறது. அந்த ஊரில் எல்லாம் இருக்கிறது, குகைக்குள் என்ன இருக்கிறது என்ற சேதி மட்டும் இல்லை. கமலாசனியைக் கேட்டால், "அவன் வரட்டும்," என்பதோடு சரி.

இந்த நிலையில்தான் உம்முடைய புத்தகம் வந்து மேசையில் இருந்தது. முதல் பக்கங்களிலேயே எனக்குத் தலை சுற்றியது. கவசத்துக்கு வகுப்பு உண்டல்லவா, பழைய சட்டத்தில் இலக்கம் குறையக் குறையக் கவசம் திறம். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, ரயிலில் மூன்றாம் வகுப்பை விட முதலாம் வகுப்புத் திறம், கந்தோரிலும் அப்படித்தான். புதுப் புத்தகம் அதைத் தலைகீழாக்கி, இலக்கம் கூடினால் திறம் என்கிறது. "இப்பதான் சரியா ஈக்கிது. கூடினாக் கூடத்தானே," என்று ஹலீம் நானாவுக்குப் பெரிய சந்தோசம். நான் அந்த அதிர்ச்சியிலிருந்து எழும்பும் முன்னரே அடுத்ததைக் கண்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன்.

குள்ளர் இனத்தவன் ஒன்பதாம் படிக்கு மேல் ஏறக் கூடாது, மனிதர் மட்டும் எவ்வளவும் ஏறலாம் என்பது பழைய சட்டம். என் குள்ளன் எண்பத்தொன்பதில் ஒன்பதாம் படிக்கு வந்தான், வந்த இடத்தில் இருந்தான். நான் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை. சிங்களப் பரீட்சை தவறி இரண்டாம் தரத்திலேயே கிடந்து, எனக்குப் பின் வந்த பெடியள் என் மேசையைக் கடந்து மேலே போனதைக் கும்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இந்த விளையாட்டை எழுதிய வெள்ளைக்காரர் எங்கள் நாட்டை நன்றாய்ப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புதுப் புத்தகத்தில் அந்தச் சட்டம் இல்லை, மச்சான். திருத்தவில்லை, விலக்கு அளிக்கவில்லை, விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லவில்லை. சும்மா இல்லை. குள்ளன் எந்தப் படிக்கும் ஏறலாம், விரும்பினால் மந்திரமும் படிக்கலாம். அழகம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "ஒரு சட்டத்த இப்பிடிச் சத்தமில்லாம எடுத்துப்புட முடியுங்களா ஐயா? நம்ம தோட்டத்து ஆளுங்க பிரசாவுரிமைக்கு எத்தன வருசம் நின்னாங்க," என்றா. எழும்பிப் போய் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வரும்போது கமலாசனி கேட்டா, "எல்லாம் சரி, இராமநாதன்ரை ஆளை ஆர் மாத்திறது?"

புதுச் சட்டத்துக்குப் போவதென்றால் ஒவ்வொரு பாத்திரத்தின் படியும் பலமும் எழுதிய தாளையும் புதிதாய் எழுத வேண்டும். எங்கள் வீட்டு வழக்கமோ, ஒருவரின் தாளை மற்றவர் தொடுவதில்லை. உம்முடைய பெட்டியில் வராத சட்டம் அது, உம்முடைய அக்கா போட்டது. நான் விடவில்லை. லீவில் இருக்கிற உத்தியோகத்தரின் கோப்பைப் பதில் கடமை பார்ப்பவர் கையொப்பமிட்டு மாற்றலாம் என்று எடுத்துச் சொன்னேன். "அவன் லீவிலை போகேல்லை," என்றா. சரி, ஒற்றன் பழைய சட்டத்திலேயே இருக்கட்டும், நாங்கள் மட்டும் மாறுவோம் என்றேன். அதற்கு அழகம்மா, "அவரு உள்ளாற பழைய சட்டத்துல இருப்பாரு, நாம வெளிய புதுசுல இருப்போம். அவரு உள்ளேருந்து கூப்புட்டா நமக்குக் கேக்குங்களா?" என்று கேட்டா. ஹலீம் நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு நடக்கவில்லை. எனக்கு வந்த தேத்தண்ணியில் சீனியும் இல்லை.

எனக்கு அந்தப் படி வேண்டும், மச்சான். இந்த வயதில் வேறு எந்தப் படியும் எனக்கு வரப்போவதில்லை. அதே நேரம் இராமநாதனை விட்டுவிட்டு ஏறவும் கால் வரவில்லை. இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் உம்முடைய அக்கா என் முகத்தில் வாசித்திருக்க வேண்டும். போன ஞாயிறு தானே எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, இராமநாதனின் தாளை அலுமாரியிலிருந்து எடுத்தா. "மாத்துங்கோ. அவன்ரையை நான் மாத்திறன், ஆனால் பென்சிலாலை. வந்து பிடிக்காட்டில் அழிக்கட்டும்," என்றா. பென்சிலைத் தீட்டி ஒற்றனின் பலமும் கெட்டித்தனமும் ஒன்றொன்றாய் எழுதினா. பிறகு நாங்கள் மையால் எங்களுடையதை எழுதினோம்.

எழுதி முடிந்ததும் குரலைத் தாழ்த்திக் கதையைத் தொடங்கினா. குகை வாசலில் குள்ளன் விடியவிடிய நிற்கிறான், அவனுடைய காலுக்குக் கீழே கல் அசைகிறது, இதுவரை இல்லாத ஒரு படி மலையிலிருந்து வெளியே வருகிறது. "ஏறுங்கோவன்," என்றா. ஹலீம் நானா எழும்பி நின்றார், அழகம்மாவும் எழும்பி நின்றா. நான் ஏறினேன், மச்சான். பத்தாம் படி. மேசையடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு ஏறினேன், மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு மனுசி வீட்டுக்குள் இருந்து செய்யலாம் என்று கந்தோரில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே இத்தால் அறியத் தருவது, நாங்கள் முற்றாகப் புதுச் சட்டத்துக்கு மாறிவிட்டோம். பழைய புத்தகம் இனி எங்களுக்குத் தேவையில்லை. உம்முடைய உடைமை என்பதால் அதைத் துணியில் சுற்றி, மெழுகு வைத்து, இந்தக் கடிதத்துடன் பார்சலாய் அனுப்புகிறேன். அங்கே பத்திரமாய் வைத்துக்கொள்ளும்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் வழுக்குகிற பனியிலும் விழாமல் நடத்தட்டும். எந்தப் படியில் இருந்தாலும் மேலே இன்னொன்று இருக்கட்டும். ஹலீம் நானா சலாம் சொல்லச் சொன்னார், அழகம்மா வணக்கம் சொன்னா.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
க. நவரட்ணராஜா

பி.கு.: பார்சலுக்கு மெழுகு காய்ந்துகொண்டிருந்தபோது ஹலீம் நானா சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கடையிலிருந்து ஓடி வந்தார். "வவுனியாலேந்து போன் கோல் ஒண்டு வந்தீக்கி, தாத்தாவைக் கேக்குறாங்க," என்று உம்முடைய அக்காவைத்தான் சொன்னார். கமலாசனி கரண்டியோடு போனா, நான் பின்னால் போனேன். இராமநாதன். அகதி முகாமில் நிற்கிறான், தாயும் கூட நிற்கிறா, வெளியே வரப் பாஸ் கிடைத்தால் வருவானாம். அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, என்ரை ஆள் இன்னும் உள்ளைதானோ?" கமலாசனி, "ஓம், உள்ளைதான். ஒருத்தரும் தொடேல்லை," என்றா. வீட்டுக்கு வந்ததும் வாயே திறக்காமல் அழிறப்பரை எடுத்து அவனுடைய தாளில் இருந்த பென்சில் எழுத்தெல்லாவற்றையும் அழித்து, தூளை ஊதிவிட்டு, என்னைப் பார்த்தா. நான் என் தாளை எடுத்து மையால் எழுதியதை மையாலேயே வெட்டினேன். குள்ளன் திரும்பவும் ஒன்பதாம் படியில் நிற்கிறான், நிற்கட்டும், அவனுக்கு அந்த இடம் பழக்கம். பார்சலை அவிழ்த்துவிட்டேன், பழைய புத்தகம் வராது, எதிர்பார்க்க வேண்டாம். புதுசுக்குப் போவதா இல்லையா என்பதை இராமநாதன் வந்து தன் கையால் எழுதட்டும்.

கமலாசனியிடம் ஒன்றை மட்டும் கேட்டேன். அவன்தான் வரப்போகிறானே, இனியாவது சொல்லும், குகைக்குள் என்ன வைத்திருக்கிறீர் என்று. உம்முடைய அக்கா அடுப்பில் சோற்றைக் கிண்டிக்கொண்டு, "எனக்கெப்பிடித் தெரியும். பாக்கப் போனவன் அவனெல்லே," என்றா.