பச்சை ஜன்னலில் போன சுயசரிதை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் ஒரே மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் மகள் கூடத்தில் சௌக்கியம், நான் சமையலறையில் சௌக்கியம், நேற்று மாலையிலிருந்து நடுவில் கதவு சாத்தியிருக்கிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தாலும் உட்கார்ந்துகொண்டே படிக்கவும்.

முப்பது வருஷம் கடை கடையாக எடைக்கல் சோதித்த நீங்கள், ஆறு வருஷம் ஒற்றை விரலால் தட்டி எழுதிய சுயசரிதை, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டியது, அழிந்துவிட்டது. அழித்தது நான். "வீட்டுக் கம்ப்யூட்டரை நம்ப முடியாது மாப்பிள்ளை, நீங்க கிளவுட்ல வச்சிருங்க" என்று சொன்னது நீங்கள். அதை இப்போது ஞாபகப்படுத்துவது மரியாதை இல்லை, இருந்தாலும் ஞாபகப்படுத்துகிறேன்.

என் லேப்டாப்பில் மூன்று கிளவுட் கணக்கு. ஆபீஸுடையது ஒன்று, எதையாவது போட்டு உடைத்துப் பார்க்கிற சோதனைக் கணக்கு ஒன்று, உங்களுக்காகத் திறந்தது ஒன்று. எல்லாமே கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற வேலை. தட்டுவதற்கு முன்னால் 'இப்போது நான் இந்தக் கணக்கு ஆள்' என்று புரொஃபைலை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் மேனேஜர் இருக்கிறாரே, கடைசியாகக் கட்டளை தட்டிப் பன்னிரண்டு வருஷமானவர், அவர் போன மாதம் ஒரு யோசனை சொன்னார்: "திரையில சிவப்பு ஜன்னல்னா ஆபீஸ், பச்சை ஜன்னல்னா சோதனை. கலரைப் பார்த்தா தப்பே நடக்காது." அதற்குக் கைதட்டல், கேடயம் வேறு. கலர் ஜன்னலுக்குத்தான், உள்ளே எந்தக் கணக்கு ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை மாமா. நேற்று நீங்கள் போன் பண்ணி, "எட்டாம் அத்தியாயத்துல ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு" என்றீர்கள். அவசரத்தில் பச்சை ஜன்னலிலேயே உங்கள் கணக்குக்கு மாறி, காற்புள்ளியை வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். "சோதனைக் கணக்குல 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, தூக்கிடுங்க." ஜன்னல் பச்சை. பச்சைன்னா சோதனை. தட்டிட்டேன். உங்கள் கணக்கிலும் ஒரு 'பழசு' இருக்கிறது, உங்கள் வாழ்க்கை வரலாற்றுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காமல் நான்தான் வைத்தேன் என்பது தட்டிய பிறகுதான் உறைத்தது. அழிக்கும் முன்னால் கம்ப்யூட்டர் "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்கும். கேட்டுக் கேட்டு எரிச்சலாக்குகிறதே என்று அதையும் நானே நிறுத்தி வைத்திருந்தேன். "ஏன் முகம் வெளுத்துப்போச்சு?" என்றார் மேனேஜர். "மாமனாரோட வாழ்க்கை முடிஞ்சுபோச்சு சார்" என்றேன். பாவம், அரை நாள் லீவு கொடுத்துவிட்டார்.

'நான் யார்' என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினால் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று சொல்லிவிடும். அதைத்தான் உங்கள் மகள் தினமும் சொல்கிறாளே என்று நான் கேட்டதே இல்லை. அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்பாவுக்கு லெட்டராவே எழுதுங்க. போன்ல சொன்னா பாதியிலேயே கத்துவாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மனசு ஆறவில்லை மாமா. நீங்கள் சொல்லச் சொல்ல, ஞாயிறுதோறும் வந்து நானே முதல் பக்கத்திலிருந்து தட்டித் தருகிறேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியைக் கோபம் தணிந்த பிறகு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மருமகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண் போன் செய்தாள். அழித்ததை மீட்கிற வசதியைப் போன வருஷமே அவள் சொல்லி உங்கள் கணக்கில் நான் போட்டுவைத்திருக்கிறேனாம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் காற்புள்ளியோடு திரும்பிவிட்டன. சரியாக இருக்கிறதா என்று முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். பதினேழாம் அத்தியாயம், 'நான் ஏமாந்த ஒரே எடை'. என்னைப் பற்றி ஒன்பது பக்கம். இப்போது மற்ற ஜன்னல்களை மூடிவிட்டேன். 'நான் யார்' என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் உங்கள் கணக்கு என்றே வந்தது. மீட்கிற வசதியையும் எடுத்தாயிற்று. விரல் எண்டர் மேல் இருக்கிறது. அந்த ஒன்பது பக்கத்தை என்ன செய்யலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.