அத்தை சொன்ன கேஸும் நான் தடுத்த கேஸும்

அன்பையும் அதட்டலையும் ஒரே மூச்சில் தரும் அத்தைக்கு,

அண்ணன் மகன் பணிவோடு (சிரிக்காதீர்கள்) எழுதுவது. நான் நலம். தெருவில் தூங்கும் பிள்ளைகளுக்காக நீங்கள் நடத்தும் பகல் இல்லமும் நலம். புதுப் பேத்தியும் நலம்தானே? மூக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும், குரலாவது வேறாக இருக்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் இங்க ஒரு கேஸும் வரக் கூடாது" என்றீர்களே, அதை அப்படியே காப்பாற்றினேன். மறுநாளே ஒருவர் சிலிண்டரோடு வந்து "கேஸ்!" என்று கத்தினார். "அத்தை வேண்டாம்னுட்டாங்க" என்று திருப்பி அனுப்பினேன். நீங்கள் சொன்னது போலீஸ் கேஸ் என்பதை, அடுப்பு அணைந்த பிறகு சமையல்கார அக்கா என் காதைத் திருகி விளக்கினார். உடனே டீக்கடை அக்காவிடம் சிலிண்டர் இரவல் வாங்கிவரக் கிளம்பினான் வவ்வால். பஸ் நிலையத்தின் மேல்திட்டில் தூங்குகிறானே, அவனேதான். திங்கட்கிழமை மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர வேண்டியவன். மெக்கானிக் போட்ட ஒரே நிபந்தனை, போலீஸ் கேஸ் இருக்கக் கூடாது.

சிலிண்டரோடு திரும்பும்போது வழியில் ஜீப்.

"வீடே இல்லாதவனுக்கு சிலிண்டர் எதுக்குடா? உன்மேல எத்தனை கேஸ் இருக்கு?"

"ஒண்ணுதான் சார். தோள் வலிக்குது, இறக்கி வைக்கவா?"

"நிலையான முகவரி?"

"பஸ் நிலையம் சார்."

ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன். "வவ்வால்னு ஒருத்தன், அவன்கிட்ட கேஸ் இருக்கா?" நான் குதித்தேன். "இருக்கு சார்! அதுக்காகத்தான் எல்லாரும் பசியோட உட்கார்ந்திருக்கோம். கெட்டியாப் பிடிச்சுக்கங்க, விட்டுடாதீங்க!"

கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள், அவனை.

விஷயம் புரிந்து டீக்கடை அக்காவோடு ஓடினேன். பெஞ்சு நுனியில் இருந்த வவ்வால், "திங்கக்கிழமை போச்சுல்ல?" என்றான். அத்தை, எனக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

டீக்கடை அக்காவுக்கு வந்தது கோபம். "என் சிலிண்டர், நான் யாருக்கு வேணா தருவேன். உங்களுக்கு நாளைக்கு டீ வேணுமா, வேணாமா?"

போலீஸ்காரர் பேனாவை மூடினார். "சரி, கேஸ் இல்ல. போடா."

"கேஸ் இல்லாம எப்படி சார் போறது? சமைக்கணுமே!" என்றான் வவ்வால்.

அவரே சிரித்துவிட்டார். சிலிண்டரையும் எங்களையும் ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கினார். ஜீப்பைப் பார்த்ததும் இல்லத்துப் பிள்ளைகள் பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டார்கள். செருப்புகள் மட்டும் எங்களை வரவேற்றன. வெங்காயம் வதங்கும் வாசனை சுவரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பி எட்டிப் பார்த்தது. போலீஸ்காரரும் சாப்பிட உட்கார்ந்தார். வவ்வால்தான் பரிமாறினான், கொஞ்சம் தள்ளி நின்று.

இன்று திங்கள். காலையிலேயே தலையைப் படிய வாரிக்கொண்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். கேஸும் இல்லை, கவலையும் இல்லை. நிம்மதியாகப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு மெதுவாக வாருங்கள்.

மாமாவுக்கு வணக்கம், பேத்திக்கு முத்தம், உங்களுக்குத் தோப்புக்கரணம்.

இப்படிக்கு,
திருகிய காதுக்குச் சொந்தக்காரன்

பி.கு.: மெதுவாக வர வேண்டாம், உடனே வாருங்கள். உறை ஒட்டும்போது மறுபடி ஜீப். டீக்கடையில் கேஸ் தீர்ந்து, ஸ்டேஷனில் யாருக்கும் டீ இல்லையாம். இரவல் சிலிண்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போலீஸ்காரர் வாசலைத் தாண்டும்போது, கையெல்லாம் கிரீஸோடு எதிரே வந்தான் வவ்வால்.

"நில்லுங்க சார். உங்கமேல எத்தனை கேஸ்?"