சம்பந்தி இன்னும் நகர்த்தவில்லை

"மூணாவது வரியை நாலு தடவை படிச்சாச்சு சார். இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

கண்ணாடிக் கடைக்காரர் தலை நிமிரவில்லை. எதிரே நாற்காலியில் வாடிக்கையாளர், மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தைச் சுமந்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த எழுத்துகள் அவருக்கு இந்நேரம் மனப்பாடமே ஆகியிருந்தன. கடைக்காரரின் பார்வையோ கையிலிருந்த போனில். போனில் ஒரு செஸ் பலகை. அந்தப் பலகையில் மூன்று நாளாக ஒரு துரும்புகூட அசையவில்லை.

"இந்த அநியாயத்தைப் பாருங்க சார்." போனை வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார். "ராணியைக் கொண்டுபோய் நிறுத்திச் செக் வெச்சிருக்கேன். இன்னும் ஒரே ஒரு நகர்த்தல், ஆள் காலி. மூணு நாளா காயைத் தொட மாட்டேங்கறார்."

"நீங்க போட்ட லென்ஸ்ல எனக்குப் பலகையே தெரியல சார்."

"ஒரு காயை நகர்த்த அஞ்சு நாள் அவகாசம். அதை வெச்சுக்கிட்டு இழுத்தடிக்கறார்."

"ஆன்லைன்ல இதெல்லாம் சகஜம் சார். தோக்கப் போறோம்னு தெரிஞ்சா அப்படியே போட்டுட்டுப் போயிடுவாங்க. பேசாம பிளாக் பண்ணிட்டு வேற ஆளைப் பாருங்க."

"பண்ண முடியாதே."

"ஏன் சார்?"

"அவர் பையனுக்குத்தான் என் பொண்ணைக் குடுக்கறதா இருக்கேன்."

வாடிக்கையாளர் சட்டத்தைத் தானே கழற்றி மேஜை மேல் வைத்தார். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

வரப்போகும் சம்பந்திக்குப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. இரண்டு குடும்பமும் முதன்முதலில் சந்தித்தபோது ஆண்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செஸ் என்ற பேச்சு வந்ததும்தான் இருவர் முகத்திலும் உயிர் வந்தது. அன்றே போனில் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சம்பந்தி," என்று கடைக்காரர் அன்றைக்கே மார்தட்டினார். "விட்டுக்கொடுத்து ஆடறவங்களைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது."

தோற்பதும் அவருக்கு ஆகாது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, ஊருக்கே தெரியும். பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் ஒரே ஒரு முறை தோற்றதிலிருந்து, தலைவலி மாத்திரைக்குக்கூட மூன்று தெரு தாண்டிப் போகிறவர் அவர்.

வாடிக்கையாளர் நழுவிய அன்று மாலை சம்பந்திக்கு நாசூக்காக ஒரு செய்தி அனுப்பினார். 'உடம்பு நலமா? கை, விரல் எல்லாம் அசைக்க முடிகிறதா?'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'நலம். உங்கள் ஆட்டம் பிரமாதம்.'

"பாத்தியா, புகழ்ந்து பேசித் தப்பிக்கப் பாக்கறார்!" என்று மனைவியிடம் காட்டினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நல்ல வார்த்தை சொன்னாலும் குத்தமா? சமம்னு சொல்லி முடிச்சுக்கோங்களேன்."

"ஜெயிக்கற ஆட்டத்தையா?"

"அப்போ தோத்துத் தொலைங்க. பொண்ணு நல்லா இருப்பா."

"நான் தோக்கணும்னாலும் அவர் காயை நகர்த்தணும்ல?"

அடுத்த நாள் மகளைத் தூது அனுப்பினார். அவள் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். மறுமுனையில் அவன் மென்று விழுங்கினான்.

"அவங்க அப்பா யோசிச்சிட்டு இருக்காராம்," என்றாள் போனை வைத்துவிட்டு.

"நாலு நாளாவா? எதையோ மறைக்கறான். நல்லாக் கேளு."

அவள் நன்றாகவே கேட்டாள். கேட்டதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. "எங்கிட்டயே மறைக்கறியா?" என்று போனைத் துண்டித்தவள், "எல்லாம் உங்களாலதான்" என்று அப்பாவிடமும் பேச்சை நிறுத்தினாள். வீட்டில் இப்போது அவரிடம் பேசுவது செஸ் செயலி மட்டும்தான். அதுவும், 'எதிராளிக்கு இன்னும் மூன்று மணி நேரம் உள்ளது' என்றது.

ஐந்தாம் நாள் அது. நேரம் தீர்ந்துவிட்டால் வெற்றி தானாகவே அவருக்கு. மனைவி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். "சனியன் விட்டது. மண்டபம் பாக்கற வேலையைப் பாப்போம்."

அவருக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது. ராஜாவை மடக்கி மேட் வைத்து ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடிகாரம் ஜெயித்துக் கொடுப்பதா? நாளைக்கு, 'மறந்துட்டேன் சம்பந்தி, இல்லேன்னா நான்தான் ஜெயிச்சிருப்பேன்' என்று அந்த மனிதர் சொல்ல மாட்டாரா? செயலியைத் துழாவினார். எதிராளிக்குக் கூடுதல் நேரம் தர ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். இரண்டு நாள் கூடியது.

"ஓடி ஒளிய விடுவேனா நான்!" என்றார் திருப்தியாக.

அன்று மாலையே சம்பந்தி வீட்டிலிருந்து தகவல் வந்தது. டைம் கீப்பருக்குத் திடீர்க் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பார்க்க வர முடியாது.

"நான் நேரம் குடுத்தா அவருக்குக் காய்ச்சல் வருது! என்ன மனுஷன் இவர்?" என்று போனை மேஜை மேல் போட்டார் கடைக்காரர். இது விளையாட்டுக் கோபம் இல்லை. ஒரே பெண். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் இவர்கள் இப்படித்தான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களா? அன்று அவர் சாப்பிடவே இல்லை.

ஞாயிறு காலை மனைவியையும் மகளையும் கிளப்பிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டார். காய்ச்சல்காரர் வாசலில் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் குழாய் கையிலிருந்து நழுவி அவர் காலையே நனைத்தது.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"இப்போதான்... கொஞ்சம்... உள்ள வாங்க சம்பந்தி."

உட்கார்ந்ததும் கடைக்காரர் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. உங்க போனை எடுங்க. என் கண் முன்னாடி நகர்த்துங்க."

டைம் கீப்பரின் நெற்றி வியர்த்தது. இருபத்தெட்டு வருடமாக ஒரு பேருந்தையும் அரை நிமிடம் தாமதமாகக் கிளம்ப விடாதவர் அவர். சுவர்க் கடிகாரத்தைக் கெஞ்சுவது போலப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷம்தானே சம்பந்தி. பேசிட்டிருப்போம். அதுவா முடிஞ்சிடும்."

"அதுவா முடியணுமா? கேட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார் கடைக்காரர். "சும்மா ஒரு விளையாட்டு. அதுல தோக்கறதுக்கே மனசில்லாத வீட்டுல என் பொண்ணு எப்படிங்க வாழுவா? மன்னிச்சுக்கோங்க. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக எதிலும் ஓடாத மனசு, கதவோரம் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு தவித்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு எட்டு முன்னே வந்தான். "அப்பா, சொல்லிடுங்கப்பா."

"நீ சும்மா இரு. சம்பந்தி மனசு புண்படும்."

"இதுக்கு மேல என்ன புண்படறதுக்கு இருக்கு?" என்று எழுந்தார் கடைக்காரர். "தைரியம் இருந்தா நகர்த்துங்க!"

சமையலறையிலிருந்து டீத் தட்டோடு வந்த மாப்பிள்ளையின் அம்மா, தட்டை மேஜை மேல் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அதான் அவரே வாய் விட்டுக் கேக்கறாரே, நகர்த்திடுங்களேன். சம்பந்தியைத் தோக்கடிக்கக் கூடாதுன்னு ஏழு நாளா தூக்கத்தைத் தொலைச்சது போதும். அவர் வெச்ச செக்குக்கு நகர்த்த ஒரே ஒரு வழிதான் இருக்காம், அப்படி நகர்த்தினா அவருக்கே மேட் ஆயிடுதுன்னா, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"