ராமேஸ்வரத்தில் மடித்த இலைகள்

கூச்சப்படுகிறவர்களுக்குப் பசி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது பொய். கூச்சம் முகத்துக்குத்தான் உண்டு, வயிற்றுக்குக் கிடையாது. இதை நான் ராமேஸ்வரம் கோயிலில், ஈரப் புடவையோடு, ஊர் பேர் தெரியாத ஜனங்கள் நடுவில் மல்லாந்து கிடந்து கற்றுக்கொண்டேன்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றிக் கவலைப்படாத ஜீவன் தெருநாய் ஒன்றுதான். தண்ணீர் லாரி வந்தால்கூட, "இன்னா கஸ்தூரி, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். மாமியார் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம். (திட்டினால் அழுதாவது தீர்த்துக்கொள்ளலாமே!) ஒருநாள் ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட்டைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "ரெண்டு பேரும் போயி எல்லா தீர்த்தத்துலயும் குளிச்சிட்டு வாங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார். கேட்காததையெல்லாம் அந்த ஒரு பேச்சில் கேட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவோம். நான் அதிலும் ஒரு படி மேலே. சமையற்கட்டுக் கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். வேற்று மனிதர் எதிரில் வாயைத் திறந்து சோற்றை வைப்பது, நடுத்தெருவில் குளிப்பதற்குச் சமம் என்று நினைத்திருந்தேன். ஹோட்டல் வாசலை அதுவரை மிதித்ததே இல்லை.

என் வீட்டுக்காரருக்குக் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. கூச்சத்தில் அவர் எனக்கு அண்ணன். வெளியே போனால் நாலடி முன்னால் நடப்பார். திரும்பிப் பார்த்தால், 'பொண்டாட்டியைப் பார்க்கிறான் பார்' என்று யாராவது சொல்லிவிடுவார்களாம். இப்படி இரண்டு பேரைச் சேர்த்து ஒரு தீவுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

ரயிலிலேயே ஆரம்பித்தது. மாமியார் கட்டிக் கொடுத்த புளிசாதத்தை அவருக்கு எடுத்து வைத்தேன். எனக்கு எதிர் சீட்டில் ஒரு மீசைக்காரர். அவர் தூங்கட்டும், பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தேன். அந்த மனிதர் விடிகிறவரை கண்ணை மூடவில்லை. ராமநாதபுரம் வந்ததும் என் வீட்டுக்காரர், "இதான் மிச்சம் கீதே" என்று பொட்டலத்தை எடுத்து, பிளாட்பாரத்தில் ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் மட்டும்தான் கடலைத் தாண்டும். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜுக்குப் போனோம். மேனேஜர் பதிவேட்டைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"நெசமாவே ஒங்க சம்சாரந்தானா? தல நிமிரவே மாட்டேங்குதே!"

"அது எப்பவுமே அப்பிடித்தாங்க" என்றார் இவர், தானும் தலையைக் குனிந்துகொண்டு.

(ஓடி வந்த ஜோடி என்று அவர் முடிவே கட்டியிருப்பார். நல்லவேளை, என் காலில் இருந்த மெட்டி தேய்ந்துபோயிருந்தது.)

அறை நன்றாகத்தான் இருந்தது. குழாயில் உப்புத் தண்ணீர், குடிக்க ஒரு மண்பானை, நடுப்பகுதி தொட்டில் மாதிரி தொய்ந்துபோன ஒரு கட்டில். ஜன்னலைத் திறந்தால் கப்பல் போக்குவரத்து நின்றுபோன துறைமுகமும், வலை காயப் போட்ட படகுகளும் தெரிந்தன. கூடவே வறுத்த மீன் வாசனை. நாங்களோ கவிச்சி தொடாத விரதம்!

காலை டிபனுக்கு ஹோட்டலில் உட்கார்ந்தோம். இலையில் இட்லி வந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். யாத்திரைக் கூட்டம் வேறு. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர், எப்போது எழுந்திருப்பாய் என்று நின்றுகொண்டிருந்தார். என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மூச்சு விடுவது என் பிடரியில் பட்டது. இவர் யாரையும் பார்க்காமல் குனிந்து சாப்பிட்டார், குனிந்தபடியே கை கழுவப் போனார். நான் என்ன செய்வேன்? தொடாத இட்லியை யாரும் பார்த்துவிடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டேன்.

திரும்பி வந்தவர் மடித்த இலையைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.

"உம்" என்றேன்.

மத்தியானமும் அதே கதை. இலை மட்டும் பெரியது. பரிமாறுகிறவர், "அப்பளங்கூட ஒடையலையேம்மா!" என்றார். அவர் குரலைக் கேட்டு நாலு பேர் திரும்ப, நான் இன்னும் வேகமாக மடித்தேன்.

சாயங்காலம் பஜார். சங்கு, சோழி, பாசிமணி, பனையோலைப் பெட்டி என்று கடை கடையாக விரித்திருந்தார்கள். எல்லாரும் சங்கைக் காதில் வைத்து அலைச் சத்தம் கேட்டார்கள். எனக்கு என் வயிற்றுச் சத்தமே போதுமாக இருந்தது. "இன்னா வேணும்?" என்று இவர் கேட்டார். அவித்த பனங்கிழங்கு விற்கிற அம்மாவையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் வேணாங்க" என்று சொன்னேன். (என்னை நானே அறையலாம் போலிருக்கிறது, இதை எழுதும்போது.)

மறுநாள் வெறும் வயிற்றோடு தீர்த்தம் ஆடப் போனோம். ஒவ்வொரு கிணற்றடியிலும் ஓர் ஆள் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். பாதிக் கிணறு தாண்டியதும் எனக்குத் தூண்களெல்லாம் நடக்க ஆரம்பித்தன. 'அத்தைக்காக ஒரு குழந்தை' என்று வேண்டத் தொடங்கினேன். 'அத்தைக்காக ஒரு...' வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். வாளிக்காரரிடம், "நிறுத்தும்வே! இது புள்ளத்தாச்சிப் பொண்ணுல்லா!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சுற்றியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என் நெற்றியில் குங்குமம் அப்பினார்கள். "சாமி கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துருச்சு!" என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் அத்தனை பேர் முன்னாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. 'பசி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

லாட்ஜில் மேனேஜரின் சம்சாரம் ஆண்களையெல்லாம் வெளியே துரத்திவிட்டு, கதவைச் சாத்தி, சோறும் வத்தக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கதவு சாத்தியிருக்கிறது, ஆண்கள் இல்லை, எதிரில் சோறு! நான் சாப்பிட்ட சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கே பயமாக இருக்கிறது. அந்த அம்மா பாத்திரத்தோடு மூன்றாம் தரம் வந்து, "ரெண்டு உசுருக்குல்ல திங்கிது!" என்று பூரித்தார். பசி தீரத் தீரக் கர்ப்பம் உறுதியாகிக்கொண்டே போனது.

அதற்குள் கீழே இவர் தாம்பரத்துக்கு டிரங்க் கால் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக்கடை நம்பர்தான். லைன் சரியில்லாததால் இவர் கத்தியது எனக்கு மாடியில் கேட்டது. கடைக்காரர் திருப்பிக் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு அவர் தனியாகப் பஜாருக்குப் போய், குழந்தைக்குப் பால் புகட்டுகிற ஒரு குட்டிச் சங்கை வாங்கிக்கொண்டு வந்தார். என் கையில் கொடுக்கக் கூச்சப்பட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தார். இனி எப்படிச் சொல்வேன்?

திரும்பும்போது ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தது. வாயே திறக்காத மனிதர், பொண்ணு பிறந்தால் என்ன பெயர், பையன் என்றால் எந்தப் பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டே வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, எனக்குப் பசிங்க."

"மண்டபத்துல எதனா வாங்கறேன்."

"இப்ப இல்லீங்க. அன்னிக்கு. கோயில்ல. பசிதாங்க, வேற ஒண்ணும் இல்ல."

அவர் கடலைப் பார்த்தார். பாலம் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

"இட்லி?"

"சாப்பிடல."

"மத்தியானம்?"

"இலைய மடிச்சிட்டேன்."

மண்டபம் வந்ததும் எழுந்து இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு வேறு பெட்டியில் ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். கை நிறைய வடையோடு வந்தார். பெட்டி முழுக்க ஆட்கள். தோளில் இருந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, எனக்கு முன்னால் திரை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். "துன்னு" என்றார். ரயில் ஆடியது, திரையும் ஆடியது, அவர் நகரவில்லை. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். வடை உப்பா, கண்ணீர் உப்பா, தெரியாது.

தாம்பரத்தில் இறங்கியபோது அவர் நாலடி முன்னால் போகவில்லை. பக்கத்திலேயே நடந்தார்.

வீட்டு வாசலில் தெருவே நின்றது. மாமியார் ஆரத்தித் தட்டோடு முன்னால். அவர் முகத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். அத்தனை பேர் எதிரில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அத்த, ஒண்ணும் இல்லத்த. நான் ரெண்டு நாளா சாப்பிடல. பசி மயக்கம்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதே தட்டால் எங்கள் இருவருக்கும் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"ரெண்டு பேரும் நல்லபடியா வூடு வந்து சேந்தாங்கல்ல, அதுக்கோசரம்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். "போங்க, போயி அவங்கவங்க வேலையப் பாருங்க."

மகனிடம் திரும்பினார். "டேய், கட்னவளுக்கு ஒரு வேள சோறு போடத் தெரியாது, உனக்குப் புள்ள வேற கேக்குதா?"

என்னை நடுக்கூடத்தில் உட்கார்த்தி, அவர் மகனுக்கு எதிரிலேயே தட்டை வைத்தார். "வாயத் தொற. நான் பாக்கணும்" என்றார். "இனிமே இந்த வூட்ல எல்லாரும் ஒண்ணாத்தான் குந்தணும்." நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அசையவில்லை. பிறகு ஆரத்தித் தண்ணீரைக் கொட்ட வாசலுக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து ஒருநாள் காலை, துணி உலர்த்தும்போது மறுபடி மயங்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "டாக்டராண்ட இட்டுகினு போங்க" என்றார்.

"டாக்டர் இன்னாத்துக்கு? இவ கத எனக்குத் தெரியும். மொதல்ல தட்ட எடு" என்றார் மாமியார்.

இட்லி ஊட்டினார். வாந்தி எடுத்தேன். "பாத்தியா, வெறும் வயிறு!" என்று இன்னும் இரண்டு வைத்தார். சாயங்காலம் இவர் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் இப்படியே வைத்தியம் நடந்தது. கடைசியில் நர்ஸம்மா வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தபோது, மாமியார் கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலி, காய்ச்சல் என்றாலும் முதலில் கேட்கிற குரல் "தட்ட எடு" என்பதுதான். என் மகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "நான் வயித்துல வந்துட்டேன்னு சொன்னா யாரு நம்பினாங்க? எங்க ஆயா ஒரு வாரம் இட்லி போட்டு என்னை அடக்கப் பாத்தாங்க!"