ஓட்டை அடைப்புக் குழுவின் முதல் வெற்றி

உலகில் நீதி என்று ஒன்று இருக்குமானால், அது எங்கள் குழுவின் அறையில்தான், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். 'போர்க்குற்றச் சட்ட ஓட்டை அடைப்புக் குழு'வின் செயலாளன் நான்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஒரு சலவைக்கடை அம்மாள். வெளிநாட்டுப் போரில் கணவரைப் பறிகொடுத்து இங்கே அகதியாக வந்தவர். ஒருநாள் கடைக்கு வந்த வாடிக்கையாளரைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டார். யாருடைய சட்டையோ கருகியது. வந்தவர் அவருடைய கணவரைச் சுட்ட கர்னல். அம்மாள் போலீசுக்கு ஓடினார். "எங்க சட்டம் குடிமக்களுக்குத்தாம்மா. அவரு விருந்தாளி" என்று கைவிரித்துவிட்டார்கள்.

உடனே குழு கூடியது.

"ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா" என்றார் தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி, கனிவு அவருக்கு ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்தது.

"சுவரோரமா நிக்க வெச்சு சுட்டான். ரத்தம் தெறிச்ச தன் சட்டையை என்கிட்டயே குடுத்துத் துவைக்கச் சொன்னான். முதுகுல துப்பாக்கிங்க. துவைச்சேன்."

"கறை போச்சா?" என்று கேட்டார் சட்ட ஆலோசகர்.

"போச்சுங்க."

நான் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

சட்டம் திருத்தப்பட்டது. எந்த நாட்டுப் போர்க்குற்றத்துக்கு எந்த வகையில் துணைபோயிருந்தாலும், இந்த மண்ணில் இருக்கும் எவரும் இனித் தப்ப முடியாது.

"கர்னலுக்கு முன்கூட்டியே சொல்லிடணும். அதுதான் முறை" என்றார் ஆலோசகர்.

"ஐயா, சொன்னா ஓடிருவானே!" என்று பதறினார் அம்மாள்.

"ஓடுனா குற்றவாளின்னு தானா தெரிஞ்சிடும்மா. நமக்கு வேலை மிச்சம்" என்றார் தலைவர்.

கர்னல் ஓடினார். சலவைக்குப் போட்ட சட்டைகளைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சட்டம் அமலுக்கு வந்த அன்றே முதல் கைதும் நடந்தது. ரத்தக்கறையைப் போக்கித் தடயத்தை அழித்ததாகக் குழு முன்னால் தாமே ஒப்புக்கொண்டவர். இந்த மண்ணிலேயே கடை வைத்திருப்பவர்.

"புகார் குடுத்ததே நான்தானேய்யா?" என்றார் அம்மாள், போலீஸ் வண்டியில் ஏறும்போது.

"மறப்போமாம்மா? உங்க ஒத்துழைப்பை அறிக்கையில பாராட்டியிருக்கோம்" என்றேன்.

போன வாரம் கர்னல் போன் செய்தார். சட்டைகளைக் கேட்டார். பூட்டிய கடையைத் திறந்து, கசங்காமல் மடித்து, அரசுச் செலவில் அனுப்பிவைத்தோம். பிறர் பொருளை வைத்துக்கொள்வது எங்கள் நாட்டில் பெருங்குற்றம். அந்தச் சட்டத்தில் என்றுமே ஓட்டை இருந்ததில்லை.